கபாலா கற்க யார் உரியவர்?

செங்கல்பட்டு மாவட்டத்தில் கடப்பாக்கம் பக்கத்துக் கரையோர ஊர்களில் எந்தக் கிறித்தவக் குடும்பத்து வீட்டிலும் தமிழ் வேதாகமம் இருக்கும். அதில் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தையும் எசேக்கியேலின் முதல் அதிகாரத்தையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட எடுத்துப் படிக்கலாம். யாரும் தடுப்பதில்லை. ஒன்று உலகம் படைக்கப்பட்ட வரலாறு. மற்றொன்று நான்கு முகம் கொண்ட உயிர்களும் சக்கரத்துக்குள் சக்கரமும் கொண்டு நெருப்பினூடே வரும் தெய்வத் தேரின் காட்சி. யூத மரபில் மறைஞானத்தின் இரண்டு வாயில்கள் இவைதாம். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, ஹகிகா என்ற பகுதியின் இரண்டாம் அதிகாரத்தில் இவற்றுக்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. படைப்பின் உட்பொருளை இருவர் கூடிய இடத்தில் விளக்கக் கூடாது. தேரின் உட்பொருளை ஒருவருக்குக்கூட விளக்கக் கூடாது. அவர் ஞானமுள்ளவராகவும் தாமே உணரக்கூடியவராகவும் இருந்தால் மட்டும் விளக்கலாம்.

கபாலா எனப்படும் யூத மறைஞானத்தை யார் படிக்கலாம் என்ற நீண்ட வழக்கு இங்கிருந்துதான் புறப்படுகிறது. நாற்பது வயது ஆகியிருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும், மணமானவராக இருக்க வேண்டும், யூதராகப் பிறந்திருக்க வேண்டும் என்றெல்லாம் இன்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மிஷ்னாவின் அந்த வாக்கியத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அது ஆசிரியருக்கு இடப்பட்ட கட்டளை. எத்தனை பேருக்கு, எப்படிப்பட்டவருக்குச் சொல்லலாம் என்பதே அதன் கவலை. வயது, பால், பிறப்பு பற்றிய வேலிகள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அச்சத்தால் எழுந்தவை. ஒவ்வொன்றும் எப்போது, எதனால் வந்தது என்று பிரித்துப் பார்த்தால், எதைக் காக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தெளிவாகும்.

மிஷ்னாவின் மேல் எழுந்த விரிவுரையான தல்மூத் இந்தக் கட்டளைக்கு விளக்கமாகச் சில கதைகளைச் சொல்கிறது. ரபி யோஹனான் பென் சக்காய் கழுதை மேல் போய்க்கொண்டிருக்கிறார். பின்னால் நடந்து வரும் மாணவர் எலாசர் பென் அராக், தேரின் பொருளில் ஓர் அதிகாரம் கற்றுத் தரும்படி கேட்கிறார். ஆசிரியர் மறுத்துவிடுகிறார். அப்படியானால் நானே ஒன்று சொல்லலாமா என்று மாணவர் அனுமதி கேட்கிறார். ஆசிரியர் உடனே கழுதையிலிருந்து இறங்கி, மேலாடையைப் போர்த்திக்கொண்டு, ஒலிவ மரத்தடிக் கல்லில் அமர்ந்து கேட்கிறார். வானத்திலிருந்து நெருப்பு இறங்கி மரங்களைச் சூழ்கிறது. ஞானத்தை வாய்திறந்து கேட்டவனுக்குக் கிடைக்கவில்லை. ஏற்கெனவே உள்ளே வைத்திருந்தவனிடமிருந்து ஆசிரியரே கேட்டுக்கொண்டார். தாமே உணரக்கூடியவர் என்ற மிஷ்னாவின் சொல்லுக்கு இதைவிட நல்ல உரை கிடையாது.

இன்னொரு கதை கடுமையானது. நால்வர் பர்தேஸ் என்னும் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். பென் அசாய் பார்த்தார், இறந்தார். பென் சோமா பார்த்தார், சித்தம் கலங்கினார். எலிஷா பென் அபூயா செடிகளை வெட்டினார், அதாவது நெறி பிறழ்ந்தார். ரபி அக்கிவா மட்டும் அமைதியாகப் போய் அமைதியாகத் திரும்பினார். மறைத்து வைத்தவர்களின் மனத்தில் இருந்தது பெருமை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. உயிருக்கும் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் வரக்கூடிய கேட்டை அவர்கள் உண்மையாகவே அஞ்சினார்கள்.

தல்மூதில் இளமையும் ஒரு தடையாக வருகிறது, ஆனால் சட்டமாக அன்று. மேலே சொன்னவர்களுக்குப் பிற்பட்ட வேறொரு ரபி யோஹனான் கற்றுத் தர முன்வந்தபோது, எனக்கு இன்னும் அந்த முதிர்ச்சி வரவில்லை என்று அவர் மாணவர் ரபி எலாசர் மறுத்தார். முதிர்ச்சி வந்தபோது ஆசிரியர் உயிருடன் இல்லை. வேறொருவர் கற்றுத் தர வந்தபோதும், தகுதி இருந்திருந்தால் என் ஆசிரியரிடமே கற்றிருப்பேன் என்று சொல்லிவிட்டார். தன் தகுதியைத் தானே எடைபோட்டு ஒதுங்கிய மனிதர் அவர். எசேக்கியேலின் தொடக்கமும் முடிவும், ஆதியாகமத்தின் தொடக்கம், உன்னதப்பாட்டு ஆகியவற்றை முப்பது வயதுக்கு முன் படிக்க யூதர்கள் அனுமதிப்பதில்லை என்று கிறித்தவ அறிஞர் ஜெரோம் எழுதியிருப்பதால், வயது பற்றிய வழக்கம் நான்காம் நூற்றாண்டளவில் எங்கோ இருந்தது என்று கொள்ளலாம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடீஸ் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் கபாலா மரபினர் அல்லர்; படைப்பின் பொருளை இயற்கை அறிவாகவும், தேரின் பொருளை இறையியல் தத்துவமாகவும் கொண்டவர். முதலில் அப்பத்தாலும் இறைச்சியாலும் வயிற்றை நிரப்பிக்கொண்டவனே அந்தத் தோட்டத்தில் உலாவத் தக்கவன் என்றார். அப்பமும் இறைச்சியும் என்றால் எது தகும், எது தகாது என்ற அன்றாட அறச்சட்டங்கள். அவற்றைச் சிறியவர் பெரியவர், ஆண் பெண் எல்லாரும் கற்றுக்கொள்ள முடியும் என்றும் சேர்த்தார். அடிப்படை எல்லாருக்கும் உரியது; அதன் மேல்தான் மறைஞானம் நிற்க முடியும். வயதை வைத்து அளக்காமல் பயிற்சியை வைத்து அளந்த பார்வை இது.

நாற்பது வயது என்ற வரம்பு சட்ட நூலில் நமக்குத் தெளிவாகத் தெரிவது மிகப் பிந்தித்தான். 17-ஆம் நூற்றாண்டில் ஷப்தாய் ஹகோஹென் எழுதிய உரையில் அது குறிக்கப்படுகிறது. நாற்பதில்தான் நுண்ணறிவு முதிரும் என்ற பழைய வாக்கு அதற்குத் துணை. ஆனால் கபாலாவின் பெரும் ஆசிரியர்களையே இந்த அளவுகோலால் அளந்தால் என்ன ஆகும்? சஃபேத் நகரத்து மொஷே கோர்தோவெரோ இருபது வயதிலேயே கபாலா கற்கத் தொடங்கி 48 வயதில், 1570-இல் மறைந்தார். அவருக்குப் பின் அங்கே விளங்கிய ஐசக் லூரியா 1572-இல் 38 வயதில் மறைந்தார். லூரியாவின் போதனையை எழுதி வைத்த ஹயிம் விதால் அவரிடம் வந்தபோது முப்பதைத் தொடவில்லை. விதியை இயற்றியவர்கள் போற்றிய ஞானியே விதிப்படி தகுதியற்றவர் ஆகிவிடுகிறார்.

விதி இறுகியதன் காரணத்தை 1666-இல் தேட வேண்டும். முந்தைய ஆண்டு இஸ்மிர் நகரத்து ஷப்தாய் சேவி தம்மை மேசியா என்று அறிவித்தார். காசா நகரத்து நாதன் லூரியாவின் கபாலாவைக் கொண்டே அதற்கு விளக்கம் எழுதினார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஏமன் வரை யூதச் சமூகங்கள் பரவசத்தில் ஆழ்ந்தன. பலர் சொத்தை விற்றுப் பயணத்துக்கு ஆயத்தமானார்கள். 1666-இல் சுல்தானின் முன் நிறுத்தப்பட்டபோது அந்த மேசியா இஸ்லாத்தைத் தழுவிவிட்டார். நம்பியவர்கள் உடைந்துபோனார்கள். அதைவிட விபரீதம், சிலர் அந்த மதமாற்றத்தையே தெய்வ ரகசியம் என்று கொண்டாடினார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் போலந்தில் ஜேக்கப் பிராங்க் எழுந்து, பாவத்தின் வழியே மீட்சி என்று போதித்தார். 1756-இல் பிரோடி நகரத்து ரபிகள் கூடி, கபாலாவின் முதன்மை நூலான சோஹரை முப்பது வயதுக்கு முன்னும் லூரியாவின் எழுத்துகளை நாற்பது வயதுக்கு முன்னும் தொடக் கூடாது என்று சமூக விலக்குத் தண்டனையோடு தடை போட்டார்கள். அடிபட்ட சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள எடுத்த நடவடிக்கை அது. அந்தச் சூழலில் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நோய்க்காலத்துப் பத்தியத்தை ஆயுள் முழுவதற்கும் விதியாக்குவது வேறு.

அதற்கு முன்பே, அச்சு வந்தபோது இதே விவாதம் வேறு வடிவில் நடந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில் வெளிப்பட்ட சோஹர், இரண்டாம் நூற்றாண்டு ரபி ஷிமோன் பார் யோஹாயின் பெயரால் அரமேய மொழியில் வழங்கியது. மொஷே தெ லியோனும் அவரைச் சூழ்ந்தவர்களும் இயற்றியது என்பது ஆய்வாளர் முடிவு. 1558 முதல் 1560 வரை மாந்துவாவிலும் கிரெமோனாவிலும் அதை அச்சிட்டபோது இத்தாலிய ரபிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். தகுதியற்றவர் கையில் ரகசியம் போய்விடும் என்றது ஒரு பக்கம். 1553-இல் ரோமில் தல்மூத் எரிக்கப்பட்டிருந்தது. கையில் எஞ்சியதை அச்சில் காப்போம் என்ற எண்ணமும் இருந்தது. அச்சிட்டவர்கள் வென்றார்கள். பின்னர் ஹெப்ரோனில் வாழ்ந்த ஆபிரகாம் அசுலாய், பழைய தடை ஒரு காலத்துக்கே உரியது, யூத ஆண்டு 5300 முதல், அதாவது 1540 முதல், பெரியோர் சிறியோர் எல்லாரும் வெளிப்படையாகக் கற்பதே சிறந்தது என்று எழுதினார். பிரோடியின் தடைக்கு நூறாண்டுக்கு மேல் முந்திய குரல் இது. ஆகவே, ஆதியிலிருந்து மூடியே இருந்த கதவு நம் காலத்தில்தான் திறந்தது என்ற எண்ணம் தவறு. திறப்பதும் மூடுவதுமாகவே இந்த வரலாறு நகர்ந்திருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான வழக்காகத் தோன்றாது. கடப்பாக்கத்துக்கு வடமேற்கே, இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயிலில்தான், மகிழ மரத்தடியில் பெரிய நம்பி ராமானுஜருக்கு வைணவ தீட்சையான பஞ்ச சம்ஸ்காரம் செய்து வைத்தார் என்று வைணவ மரபு சொல்கிறது. அதே ராமானுஜரைத் திருக்கோஷ்டியூர் நம்பி பதினெட்டு முறை அலையவிட்டு, யாருக்கும் சொல்லாதே என்ற உறுதியின் பேரில் ரகசியப் பொருளைத் தந்ததும், ராமானுஜர் அதை வெளியிட்டதும் குருபரம்பரை நூல்களில் உண்டு. வெளியிட்டது எது, கேட்டவர் யார் என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு இருக்கிறது. கோபுரத்தின் மேலிருந்து ஊரறியச் சொன்னார் என்பதே மக்கள் மனத்தில் நிலைத்தது. கதையில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. அந்தப் பதினெட்டு நடைகளை ராமானுஜர் தவிர்க்கவில்லை. முழுத் தகுதியோடு பெற்ற பிறகே பிறருக்குத் திறந்தார். பின்னால் வந்த பிள்ளை லோகாசாரியர், ரகசியங்கள் என்றே பெயர் பெற்ற பதினெட்டு நூல்களை வடமொழி கல்லாதவரும் விளங்கிக்கொள்ளும் மணிப்பிரவாள நடையில் எழுதினார். ரகசியம் என்ற பெயர் நின்றது, கற்பவர் வட்டம் விரிந்தது. அசுலாய் செய்ததற்கும் இதற்கும் உள்ள உறவு தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுத்தில் வந்துவிட்ட மறைபொருளை வட்டத்துக்குள் அடைத்து வைக்க எந்தச் சமூகத்தாலும் நெடுங்காலம் முடிந்ததில்லை.

பெண்கள் நிலை வருத்தம் தருவது. கபாலா ஆண்களால் ஆண்களுக்காக இயற்றப்பட்டது என்று அதன் வரலாற்றாசிரியர் கெர்ஷோம் ஷோலெம் சொன்னார். நம் பக்கத்து ஆண்டாளையோ காரைக்கால் அம்மையாரையோ போல, சொந்த வாக்கால் மரபின் நடுவில் நிற்கும் பெண் அங்கே இல்லை. ஆனால் பெண்களுக்கு அனுபவம் வாய்க்கவில்லை என்பது இதற்குப் பொருளாகாது. ஹயிம் விதாலின் சொந்தக் குறிப்புகளே காட்சிகள் கண்ட பெண்களைப் பற்றிப் பேசுகின்றன. அவர்கள் சொன்னதை அவர் மதித்துக் கேட்டிருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் லுத்மிர் ஊரின் ஹன்னா ராகேல், ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் குரு போலவே சீடர் கூட்டத்தோடு வாழ்ந்தார். எழுத்தும் கல்விக்கூடமும் மறுக்கப்பட்டதால் அவர்கள் நூல் விட்டுச் செல்லவில்லை. இந்த விலக்குக்கு மிஷ்னாவில் ஆதாரம் இல்லை. பெண்ணுக்குப் பொதுக் கல்வியே மறுக்கப்பட்ட சமூக வழக்கம் இங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

பிறப்பு பற்றிய கேள்விக்கு நம் அண்டை நிலத்திலேயே சான்று இருக்கிறது. கொச்சியின் மட்டாஞ்சேரியில் நெகேமியா மோட்டா என்ற கபாலா ஞானியின் கல்லறை உள்ளது. 1615-இல் மறைந்த அவரைக் கல்வெட்டு புகழ்பெற்ற கபாலா அறிஞர் என்றே குறிக்கிறது. யூதர் மட்டுமன்றி இந்துக்களும் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்வது வழக்கம். கற்ற ஞானம் யாருக்கு என்று நூல்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, கற்றவரின் அருள் எல்லாருக்கும் என்று ஊர் மக்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

ஆனால் அதே கொச்சியில் யூதருக்குள்ளேயே ஒரு கசப்பான பிரிவினையும் இருந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்பட்ட யூதர்களைப் பரதேசி ஜெப ஆலயத்தார் சமமாக நடத்தவில்லை. உள்ளே இருக்கையில் அமரவும் யூத வேதமான தோரா வாசிக்க அழைக்கப்படவும் அவர்களுக்கு உரிமை இல்லை. கொச்சிக்காரர்கள் இந்தப் பிரிவினை பற்றி 16-ஆம் நூற்றாண்டிலேயே எகிப்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பதில் தந்தவர் கெய்ரோவின் ரபி தாவீது இப்ன் சிம்ரா. உரிய சடங்குகள் முடிந்தபின் அவர்கள் முழு யூதர்களே, மணவுறவும் கொள்ளலாம் என்பது அவர் தீர்ப்பு. அவர் சட்ட அறிஞர் மட்டுமல்லர், கபாலாவிலும் தோய்ந்தவர். லூரியா இளமையில் எகிப்தில் அவரிடம் பயின்றார் என்பது மரபு. ஞானத்தில் ஆழ்ந்தவர் பிறப்பு வேலியை நீக்கச் சொன்னார். ஊர் கேட்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் பராக் சேலம் என்ற வழக்கறிஞர் காந்திய வழியில் ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் இருந்த பிறகுதான் அந்தத் தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. வேலி எதன் பெயரால் போடப்பட்டாலும் அதற்குள் சாதி நுழைந்துவிடும் என்பதைத் தென்னிந்தியரான நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

யூதரல்லாதவர் கற்பது பற்றித் தல்மூத் தயங்குகிறது. தோராவின் பொருளைப் பிற இனத்தாரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று அதே ஹகிகாவின் விவாதத்தில் ஒரு கருத்து வருகிறது. தயக்கத்துக்குக் காரணம் பின்னர் கண்ணெதிரே நடந்தது. 1486-இல் இத்தாலியின் பிகோ தெல்லா மிராந்தோலா தம் 900 கருத்துரைகளில் கபாலாவைச் சேர்த்தது, கிறித்துவின் தெய்வத்தன்மையை அதைக் கொண்டே நிறுவலாம் என்பதற்காக. யோஹான்னஸ் ராய்க்ளின் 1517-இல் கபாலா பற்றி எழுதிய நூலில் மரியாதை அதிகம். யூத நூல்களை எரிக்கக் கூடாது என்று தம் நாட்டில் வாதாடியவரும் அவரே. ஆயினும் கபாலாவைக் கிறித்தவத்துக்குச் சாட்சியாக்கும் நோக்கம் அவரிடமும் இருந்தது. ஒருவரின் நூலைக் கற்று அவருக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைப்பது கல்வியின் நேர்மையாகாது. யூதர்கள் கதவைச் சாத்தியதில் நியாயம் இருந்த இடம் இது.

சென்னைக்கு யூதர்கள் புதியவர்கள் அல்லர். 17-ஆம் நூற்றாண்டில் வைரமும் பவழமும் வணிகம் செய்த போர்த்துகீசிய வழி யூதர்கள் இங்கே இருந்தார்கள். பவழக்காரத் தெரு என்ற பெயர் அந்த வணிகத்தின் நினைவு. ஆனால் யூத மறைஞானம் சென்னையில் பேசப்பட்டது அடையாற்றில். 1875-இல் நியூயார்க்கில் தொடங்கி 1882-இல் அடையாற்றுக்கு வந்த பிரம்மஞான சபை, எல்லா மதங்களின் உள்ளேயும் ஒரே ஞானம் ஓடுகிறது என்றது. சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கி தம் நூல்களில் கபாலாவை நிறையக் கையாண்டார். மூல மொழிகளின் வழியாக அல்ல, ஐரோப்பிய மொழியாக்கங்களின் வழியாக. 1925 டிசம்பரில் சபையின் பொன்விழா மாநாட்டுக்கு வந்த யூத உறுப்பினர்கள் அடையாற்றிலேயே எபிரேய பிரம்மஞானிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். தங்கள் முன்னோரின் ஞானத்தைத் தாங்களே மறந்துவிட்டோம், அதை மீட்க வேண்டும் என்பது அவர்கள் ஆவல். சபை வளாகத்தில் யூத ஜெப ஆலயம் எழுப்பவும் முயன்றார்கள், அது கட்டப்படவில்லை. பாஸ்ராவில் அந்தச் சங்கத்தாரைச் சொந்தச் சமூகமே விலக்கி வைத்தது. ஈராக்கிய யூதரான எஸ்.எஸ். கோஹென் அடையாற்றின் வழியே வந்து, 1936-இல் திருவண்ணாமலையில் ரமணரிடம் சேர்ந்து, அங்கேயே தங்கி நூல்கள் எழுதினார். கபாலாவின் வாயிலில் தேடிய ஒரு மனிதருக்கு அருணாசலம் விடையாயிற்று. அந்தச் சங்கத்தாரின் எபிரேயப் புலமை போதாது என்று குறை சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். அவர்கள் தேடல் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதே 1925-இல் ஜெருசலேமில் எபிரேயப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. கபாலாவைக் கைப்பிரதிகளின் துணையோடு வரலாறாகக் கற்பிக்க ஷோலெம் அங்கே அமர்ந்தார். ஜெருசலேமின் கபாலா முதியவர் ஒருவர் தமக்குக் கற்றுத் தர இசைந்ததாகவும், கேள்வி கேட்கக் கூடாது என்று நிபந்தனை விதித்ததாகவும், அதனால் தாம் விலகியதாகவும் ஷோலெம் சொல்லியிருக்கிறார். இருவரும் தங்கள் இடத்தில் சரி. கேள்வி கேட்காமல் ஆய்வாளராக முடியாது. கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த முதியவர் தர விரும்பியது வந்து சேராது. ஷோலெமின் வழியால்தான் இன்று நானும் நீங்களும் இதைப் பற்றிப் பேச முடிகிறது. எதற்காகப் படிக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால், யார் படிக்கலாம் என்பதற்கு விடை தானே வரும்.

பின்னர் யெஹூதா அஷ்லாக் சோஹருக்கு எபிரேயத்தில் விரிவுரை எழுதி, எல்லாரும் படிக்க வேண்டும் என்றார். அவருடைய மரபிலிருந்து கிளைத்தவர்களில் ஒருவர் நிறுவிய மையம், ஆண் பெண், யூதர் யூதரல்லாதவர் என்று பாராமல் கற்பித்து, சிவப்புக் கயிறு வரை விற்று, திரைப்புகழ் பெற்றவர்களை ஈர்த்தது. வேலியை எடுத்ததை நான் வரவேற்கிறேன். அப்பமும் இறைச்சியும் இல்லாமல் தோட்டத்தை விற்றதை ஏற்க முடியாது. கடப்பாக்கத்து ஆலம்பரைக் கோட்டையின் அடியில் உப்பங்கழி கடலில் சேரும் முகத்துவாரத்தில், மணல்திட்டு இந்த மாதம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த மீனவர் இல்லாமல் படகு விடுவது ஆபத்து. கடல் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் அந்த ஆபத்து குறைந்துவிடுவதில்லை.

என் முடிவு இது. வயதும் பாலும் பிறப்பும் தகுதியின் அளவுகோல் ஆகா. அவை பட்ட காயங்களின் வடுக்கள், அல்லது சமூக வழக்கத்தின் சுமை. மிஷ்னாவும் மைமோனிடீஸும் கேட்ட தகுதி இன்றும் செல்லும். அடிப்படை நூல்களை முதலில் படித்திருக்க வேண்டும். அறிந்தவர் ஒருவரின் துணை வேண்டும். அந்த மரபில் வாழ்பவர்களை அவமதிக்காத நோக்கம் வேண்டும். இந்த மூன்றும் உள்ள எவரும், கடப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும், கபாலா படிக்க உரியவரே.

அப்படிப் படிக்க விரும்பும் தமிழர் கைக்கு மூலத்திலிருந்து நேராக வந்த நூல்கள் வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் சென்னை வேப்பேரியில் இருந்த மிஷனரி ஃபப்ரிசியுஸ் எபிரேய வேதத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அந்த உழைப்பு முன்மாதிரியாக இருக்கிறது. எபிரேயம் கற்ற ஒருவரும் தமிழில் தேர்ந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஹகிகாவின் இரண்டாம் அதிகாரத்தை நல்ல உரைக்குறிப்புகளோடு தமிழாக்க முடியும். நம் பல்கலைக்கழகங்களும் பதிப்பகங்களும் சோஹருக்குத் தாவாமல், அந்த அதிகாரத்திலிருந்து தொடங்க வேண்டும்.